லிம்பெர் வைத்த பொத்தான்

கட்டம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

தன் கண்தான் மங்கிப்போய்விட்டது என்று தெல்ஃபினா முதலில் நினைத்தாள். கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள், சால்வை நுனியால் இமைகளைத் துடைத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. தோன்யா ஹசிந்தாவின் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசை மேல் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக ஏழு மண்டையோடுகள். அவற்றில் இடது ஓரத்தில் இருந்த ஒன்றின் முகத்தின் மேல் அந்தக் கட்டம் நின்றது.

அவை அந்த வீட்டுக்குக் காவலாக வைத்துக் கும்பிடும் ஞாத்தித்தாக்கள். மறுநாள் அவற்றுக்குத் திருநாள். லா பாஸ் நகரத்தில் பாதிப் பேர் தங்கள் வீட்டு மண்டையோட்டை மடியில் ஏந்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். பூவும் பாட்டும் பீருமாக அங்கே அமர்க்களப்படும். அதற்கு முன் வீட்டிலேயே அழகாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று தோன்யா ஹசிந்தா அவளை வரச் சொல்லியிருந்தாள். தலைக்குக் கம்பளித் தொப்பி, தொப்பிக்கு மேல் ரோஜா மாலை, கண்குழிகளில் வெள்ளைப் பஞ்சு, பல்லிடுக்கில் பற்றவைத்த சிகரெட் என்று ஏழும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தன. ஈரப் பூவின் வாசமும் உருகிய மெழுகின் வாசமும் கொக்கா இலையின் பச்சை வாசமும் சிகரெட் புகையும் ஒன்றோடொன்று கலந்து, ஜன்னல் திறக்காத அந்தக் கூடத்தில் தொண்டைக்குழி வரை அடைத்துக்கொண்டிருந்தன.

தெல்ஃபினாவின் கேமராவில் இரண்டு பொத்தான்கள்தான் முக்கியம். ஒன்று முதுகுப் பக்கம், வலது கட்டைவிரல் விழும் இடத்தில். அதை ஒருமுறை அழுத்திவிட்டால் போதும், கேமரா தானே மனிதக் கண்ணைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கட்டம் போட்டுத் தெளிவாக்கிக்கொள்ளும். அதற்கு ஒன்றும் பெரிய புத்தி கிடையாது. போன வாரம் ஆத்துமாக்கள் திருநாளில் செத்தவர்களுக்குப் படைத்த குழந்தை வடிவ ரொட்டியின் மேல் ஒட்டியிருந்த மாவு முகத்துக்குக் கட்டம் போட்டது. மினிபஸ்ஸின் விளக்குக்கும் ஒருமுறை போட்டிருக்கிறது. இன்றைக்கு இந்தப் பஞ்சுக் கண்களை மட்டும் ஏனோ அது சட்டை செய்யவில்லை.

இன்னொரு பொத்தான் லென்ஸுக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டுவது. அது அவள் மகன் லிம்பெர் வைத்தது. அதை அழுத்திப் பிடித்தால் கேமரா மற்ற எல்லா முகங்களையும் மறந்துவிட்டு ஒரே ஒரு முகத்தைத் தேடும். கிடைத்தால்தான் ஆரஞ்சு கட்டம். எந்த முகங்களைக் கண்டாலும் அதை அழுத்துவது இப்போது அவள் விரலுக்குப் பழக்கமாகிவிட்டது.

அவன் காணாமல் போன நான்கு வருடங்களில் எந்தக் கூட்டத்திலும் அது எரிந்ததில்லை.

லிம்பெர் அவளுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம், ஞானஸ்நானம், புது வீடு என்று அம்மாவும் மகனும் ஒன்றாகவே படம் எடுக்கப் போவார்கள். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவன் கேமராவைத் தொட மாட்டான். கிரான் பொதெர் திருவிழா ஊர்வலத்தில் கப்பொராலெஸ் என்ற ஆட்டம் ஆடுவான். முழங்கால் வரை பூட்ஸ், பூட்ஸ் முழுக்கச் சலங்கை, தெரு அடைக்க ஒரே சட்டையும் ஒரே தொப்பியும் போட்ட பையன்கள். அப்படி ஒரு வருடம் வேறு எவனையோ தன் மகன் என்று நினைத்து முழு ஆட்டத்தையும் எடுத்துத் தீர்த்துவிட்டாள் தெல்ஃபினா. வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்த லிம்பெர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பெத்த புள்ளைய அடையாளம் தெரியல. நல்ல அம்மா வாய்ச்சாம்மா எனக்கு."

"எல்லாவனும் ஒரே தொப்பிய மாட்டிக்கிட்டு வந்தா நான் என்னடா பண்ணுவேன்? நீயாவது கொஞ்சம் தப்பா ஆடியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்."

அன்றைக்குச் சமையலறை மேசையிலேயே கேமராவைப் பிரித்துப் போட்டதுபோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தன் முகத்தையே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்துக் கேமராவின் நினைவில் பதிந்துவைத்தான். அவன் இடது கைக்காரன். கரண்டியும் இடது, பேனாவும் இடது. பொத்தானையும் இடது பக்கத்திலேயே வைத்தான்.

"இத அமுக்கிப் பிடிம்மா. கடவுளே எதிர்ல வந்து நின்னாலும் இது திரும்பிப் பாக்காது. என்ன மட்டும்தான் தேடும். உன் மூஞ்சியயும் பதிஞ்சு வைக்கட்டுமா?"

"என் மூஞ்சி எதுக்குடா? நான் என்னிக்கும் கேமராவுக்குப் பின்னாடிதான நிக்கிறேன்."

"நாளைக்கு நீ தொலைஞ்சு போயிட்டா?"

"நான் எங்க தொலையப் போறேன்? அடுப்படியில வந்து பாரு, இருப்பேன்."

தொலைந்தது அவன்தான். ஆட்டப் பயிற்சிக்கு என்று சலங்கை பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாலை இறங்கிப் போனான். பயிற்சி முடிந்து கிளம்பியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை. காவல் நிலையம், ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் அலைந்தாயிற்று. அதற்குப் பிறகு கூட்டம் என்று எங்கே கூடினாலும் தெல்ஃபினா போய் நிற்பாள். சந்தை, பஸ் நிலையம், பந்து மைதான வாசல். இடது விரலால் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆயிரம் முகங்களின் மேல் மெல்லத் திருப்புவாள். பொத்தான் பழுதோ என்ற சந்தேகம் வந்தால் வீட்டுச் சுவரில் இருக்கும் அவன் படத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். அங்கே உடனே எரியும். அந்த ஒரு முகத்துக்கு மட்டும்தான் எரியும்.

அவனுக்காக அவள் மேசை போட்டதே இல்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு ரொட்டியும் தண்ணீரும் பிடித்த சாப்பாடும் வைத்து மேசை போட்டால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒவ்வொரு வருடமும் அவள் தங்கை காசிமிரா இதற்காகவே சண்டை பிடிப்பாள். "அவன் இருந்தா வரட்டும்க்கா, சந்தோஷம். இல்லேன்னா? பசியோட வந்து வாசல்ல நின்னுட்டுப் போவானே. அதக் கொஞ்சம் நெனச்சுப் பாரு." தெல்ஃபினா போனை வைத்துவிடுவாள். அதை நினைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் வருடம் முழுக்க வேலை செய்தாள்.

"என்னம்மா, அப்படியே செலையா நின்னுட்ட?" தோன்யா ஹசிந்தா பின்னாலிருந்து கேட்டாள். "வெளிச்சம் பத்தலயா?"

தெல்ஃபினா இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தாள். கட்டம் கூடவே திரும்பியது. மற்ற ஆறின் மேல் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ஒன்றுமில்லை. இடது ஓரத்துக்குத் திரும்பினாள். ஆரஞ்சு.

"இந்த ஓரத்துல இருக்கிறது..." அவள் விரலால் காட்டினாள். "இது எப்ப வந்துச்சு?"

"அவன் சிரிலோ. போன குளிர்காலத்துக்கு முந்தி வந்தான். உரிமை கேக்க ஆளில்லாத குழியக் காலி பண்றாங்கன்னு கல்லறைக்காரர் கொண்டாந்து குடுத்தாரு. பேரு கனவுல வந்துச்சு." பேரனைப் பற்றிப் பேசுவதுபோல் கிழவியின் முகம் மலர்ந்தது. "காணாமப்போன பொருளு, காணாமப்போன ஆளு, எது கேட்டாலும் கண்டுபிடிச்சுக் குடுப்பான். ஆனா பொல்லாத பசிக்காரன். மத்தவங்களுக்கு வைக்கிற ரொட்டி ஒரு வாரம் கெடாது. இவனுக்கு வச்சா மறுநாளே பூஞ்சை. நேரா வச்சாலும் இடது பக்கமாத்தான் சாஞ்சுக்குவான்."

சிகரெட் செருகிய இடம் போக, பல்வரிசை வெள்ளித்தாளால் மூடப்பட்டிருந்தது. லிம்பெருக்கு முன்பல் ஒன்று மூலையில் உடைந்திருக்கும். தாளை விரலால் கொஞ்சம் விலக்கினால் போதும். விலக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"தோன்யா ஹசிந்தா, இவன எனக்குக் குடுத்திடுங்க."

"என்னது?"

"குடுத்திடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன். என்ன கேட்டாலும் தர்றேன்."

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "நான் படுத்த படுக்கையா கெடந்தப்ப என்னை எழுப்பி விட்டவன்மா இவன். புள்ளையக் குடுன்னு கேட்டா யாராவது குடுப்பாங்களா? வா, வந்ததுக்கு இந்தப் பஞ்ச மாத்த ஒரு கை குடு."

திருநாளுக்கு முன்னால் பழைய பஞ்சை எடுத்துப் புதுப் பஞ்சு வைப்பது அந்த வீட்டு வழக்கம். ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு வைத்துவிட வேண்டும். "பஞ்சு இல்லாத நேரத்துல நேருக்கு நேரா பாக்காத, படமும் எடுக்காத," என்றாள் கிழவி. "யாரப் பாக்குதோ அவங்க பின்னாடியே போயிடும். இந்தப் பெட்டியும் எலும்பும்தான் அதுக்கு வீடு. வெளிய போனா வேற வீடு தேடும்." தெல்ஃபினா தலையாட்டினாள். ஆறுக்கு மாற்றி முடிந்தது. ஏழாவதாகச் சிரிலோவின் கண்களிலிருந்து மஞ்சளடித்த பஞ்சை எடுத்தபோது உள்ளே அடுப்பில் சூப் பொங்கித் தணலில் கொட்டும் சத்தம் கேட்டது.

"ஐயோ, பொங்கிடுச்சு! அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா, இதோ வந்துட்டேன்." கிழவி ஓடினாள்.

தெல்ஃபினா திரும்பி நிற்கவில்லை. எந்த அம்மா நிற்பாள்? கேமராவைத் தூக்கினாள், பொத்தானை அழுத்தினாள். முகத்தளவு இருந்த ஆரஞ்சு கட்டம் சுருங்கியது. சுருங்கி, இடது கண்குழிக்குள் இறங்கி, அந்த இருட்டின் நடுவில் சின்னதாக நின்றது. கேமரா கண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அப்படித்தான் நிற்கும். அங்கே ஒரு கண்ணும் இல்லை. இருந்தும் அது நின்றது. இலேசாக நடுங்கி, உயிருள்ள கண் அசைவதுபோல் அசைந்து, நேராக அவளைப் பார்த்தது.

"கண்ணா," என்றாள். கன்னம் நனைந்து கேமராவின் முதுகு வழுக்கியது. "பசிக்குதாடா? வா. வீட்டுக்கு வா."

கட்டம் அணைந்தது.

மறுபடி அழுத்தினாள். இல்லை. எதிரே வெறும் எலும்பு இருந்தது. கிழவி கை துடைத்துக்கொண்டே வந்து, புதுப் பஞ்சை வைப்பதற்காக அதைத் தூக்கினாள்; தூக்கியவள் அப்படியே நின்றாள். ஒருமுறை கையில் தட்டிப் பார்த்தாள்.

"என்ன இது... இவ்வளவு லேசா இருக்கு." மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். "தெல்ஃபினா. நீ என்ன பண்ணின?"

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெல்ஃபினா படியிறங்கி ஓடினாள்.

அவள் வீடு இருக்கும் மேட்டு ஊரான எல் ஆல்ட்டோவுக்கு ஏறும் ரோப் காரில் எதிர் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி மூட்டை, மூட்டை மேல் பொரிப் பை. கீழே செங்கல் வீடுகளின் மேல் மாலை வெயில் பழுத்துக் கிடந்தது. கம்பி தூண்களைத் தாண்டும்போதெல்லாம் பெட்டி கடகடவென்று ஆடி மறுபடி அமைதியானது. தெல்ஃபினா கேமராவை மடியில் வைத்து, திரையை மட்டும் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பெண்ணின் தோளுக்கு மேல், வெறும் கண்ணாடியில், ஆரஞ்சு கட்டம் எரிந்தது. மெல்ல நகர்ந்தது. பெண்ணின் முகத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

பொரியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அவள் வலது கை நின்றது. பையை வலது கைக்கு மாற்றினாள். இடது கையால் ஒரு பிடி அள்ளி வாயில் அடைத்தாள். இன்னொரு பிடி. மெல்லாமலே இன்னொன்று.

பெட்டி ஒரு தூணைத் தாண்டிக் குலுங்கியது. கட்டம் நழுவியது. அந்தப் பெண் இருமி, கண்ணில் நீர் வர நெஞ்சைத் தட்டிக்கொண்டாள்.

"என்னாச்சும்மா?" என்றாள் தெல்ஃபினா.

"தெரியலம்மா. திடீர்னு... யாரோ செத்த வீட்ல இருந்து வந்த மாதிரி ஒரு பசி." அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தெல்ஃபினா கேமராவை மடியோடு அணைத்துக்கொண்டாள். பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்கு அடியில் அதைவிடப் பெரிதாக வேறொன்று வலித்தது. என் பிள்ளை பொரியையா இப்படித் தின்கிறான்? நான்கு வருடம் எந்த வாசலில் நின்றான்? என் வாசலில்தானே நின்றிருப்பான். நான்தானே மேசை போடவில்லை.

தெருமுனையில் ரொட்டிக்காரியிடம் திருநாளுக்குச் செய்து மிஞ்சிய குழந்தை ரொட்டிகள் இருந்தன. கல்லாகக் காய்ந்திருந்தன.

"இது யாருக்கு இப்ப?" என்றாள் ரொட்டிக்காரி. "ஆத்துமாக்கள வழியனுப்பி ஒரு வாரம் ஆகப்போகுதே. இப்ப மேசை போட்டா வழியனுப்ப ஆளில்ல. வந்தது திரும்பிப் போகாது தாயே."

"போக வேண்டாம்," என்றாள் தெல்ஃபினா.

சமையலறையில்தான் மேசை போட்டாள். வெள்ளைத் துணி, தண்ணீர், ரொட்டி, அவனுக்குப் பிடித்த நிலக்கடலை சூப். ஆவி பறக்கப் பறக்கக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியை இடது பக்கம் வைத்தாள். அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி, எதிரில் தனக்கொன்று. கேமராவை அலமாரியில் நிறுத்தி, திரையை முன்பக்கமாகத் திருப்பிவிட்டாள். இப்போது மேசையும் இரண்டு நாற்காலியும் அவள் முகமும் திரையில் தெரிந்தன. அவள் முகத்தில் சாம்பல் கட்டம். அவளும் ஒரு முகம்தான் என்று கேமரா ஒப்புக்கொண்டது. யார் என்று அதற்குத் தெரியாது.

ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு ஆறும்போது தகரம் சுருங்கி டிக் டிக் என்றது. பக்கத்து வீட்டு நாய் இரண்டு தடவை குரைத்து, மூன்றாவதைத் தொண்டையிலேயே விழுங்கிக்கொண்டது. எங்கோ தெருவில் சலங்கைச் சத்தம். இல்லை, தெருவில் இல்லை. வாசற்படியில். பூட்ஸ் அணிந்தவன் சத்தம் வராமல் காலை மெல்ல ஊன்றுவதுபோல, ஒரு சலங்கை மட்டும்.

திரையில், கதவோரம், லிம்பெரின் உயரத்தில், ஆரஞ்சு கட்டம் எரிந்தது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவோரம் யாருமில்லை.

"வாடா," என்றாள். "ஏன் அங்கயே நிக்கிற? உன் வீடுதான். உக்காரு. சாப்பிடு."

கட்டம் நகர்ந்தது. அடுப்பைத் தாண்டியது. எதிர் நாற்காலிக்கு வந்தது. தாழ்ந்தது. உட்கார்ந்துவிட்டான். தெல்ஃபினா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். சூப்பின் ஆவி நேராக மேலே போனது. கரண்டி அசையவில்லை. ரொட்டி அசையவில்லை.

"சாப்பிடுப்பா."

கட்டம் இலேசாக நடுங்கியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுக்கு வாய் இல்லை. கை இல்லை. வெறும் பசி மட்டும்தான் இருந்தது. எலும்பையும் தோன்யா ஹசிந்தா வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னவள் அவள்தான்.

கட்டம் எழுந்தது.

மேசையின் குறுக்கே வந்தது.

நிதானமாக. நேராக. அவளை நோக்கி.

ஓடலாம் என்று நினைத்தாள். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடவில்லை. பிள்ளையைக் கண்டு எப்படி ஓடுவது? "லிம்பெர்," என்றாள். "கண்ணா, மெதுவா..."

குளிர்.

கண்ணுக்குப் பின்னால்.

திரையில் அவள் முகத்தின் மேல் இருந்த சாம்பல் கட்டம் அணைந்தது. ஆரஞ்சு எரிந்தது.

அவள் எதிர் நாற்காலியில் இருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய உடம்பு உட்கார்ந்திருந்தது. அவளுடைய பழுப்புச் சால்வை, அவளுடைய நரைத்த பின்னல்கள். அதன் இடது கை எட்டி நீண்டு ரொட்டியை எடுத்தது, உடைக்காமலே கடித்தது. கிண்ணத்தை இழுத்துத் தூக்கிக் குடித்தது. தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை. நான்கு வருடப் பசியை அவள் முகத்தை வைத்துக்கொண்டு தின்றான், ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. மெல்ல, கண்ணா, சுடும் என்றாள் தெல்ஃபினா. சத்தம் வரவில்லை.

போன் அடித்தது. இடது கை எடுத்தது. காசிமிராவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, நாளைக்குக் கல்லறைக்குப் போறப்ப..."

"சித்தி," என்றது தெல்ஃபினாவின் குரல்.

"யாரு?" என்றாள் காசிமிரா.

"சித்தி, நான்தான் லிம்பெர். வந்துட்டேன். மேசை போட்டிருக்கு, சூப் வச்சிருக்கு." குரல் உடைந்தது. "அம்மாவத்தான் காணோம்."

போன் கீழே விழுந்தது. அவன் எழுந்தான். முதலில் அடுப்படிக்குத்தான் போனான். அடுப்பின் முன் நின்றான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். "அம்மா," என்றான். "அம்மா, வெளையாடாதம்மா." அவள் அவன் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவன் அவள் வழியாக நடந்தான்.

பிறகு அலமாரியைப் பார்த்தான். கேமராவை எடுத்தான்.

திரை இன்னும் முன்பக்கமாகவே திரும்பியிருந்தது. அதனால் அவளுக்குத் தெரிந்தது: வெறும் சமையலறை, வெறும் மேசை, காலி நாற்காலி, அதன் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் மங்கலாக ஒரு சாம்பல் கட்டம். இதோ, இங்கேதான், இதுதான் நான் என்று கத்தினாள் தெல்ஃபினா. கட்டம் துடித்தது.

அவன் கேமராவைக் கண்ணில் வைத்தான். தொலைந்தவர்களைத் தேட அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். இடது விரலால் தன் பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

சாம்பல் கட்டம் அணைந்தது.

அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்லத் திருப்பினான். மறுபடி முதலிலிருந்து. அவளுடைய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அவளுடைய வாய் அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் லென்ஸுக்கு எதிரில் ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் நின்றாள். அவன் பொத்தானை விடவில்லை.